பத்து மில்லியன் வோல்ற்

கரடிப்போக்குச் சந்திப் போன் கடையில்
சும்மா கேட்டால் இல்லை என்பார்கள்.
கஜேந்தினியின் பெயரைச் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
குலவீரன் லாச்சியைத் திறந்து
இரண்டை எடுத்து வைத்தான்,
தோடு காட்டுகிறவன் மாதிரித் துணி விரித்து.

ஒன்று கறுப்பு. ரோச் லைற் உருவம்,
என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம்.
பெட்டியில் பத்து மில்லியன் வோல்ற் என்று போட்டிருக்கிறது.
“வவுனியாவால வாற பெரிய லைனிலயே
இவ்வளவு ஓடாதே அண்ணை” என்றேன்.
“பெட்டிக்காரன் எழுதினது தங்கச்சி,
நானில்லை.”

மற்றது ரோஸ். லிப்ஸ்ரிக் அளவு.
கைப்பைக்குள் தேடினால்
சீப்பு, பனடோல், நூல்கட்டை
எல்லாம் வந்த பிறகுதான் அது வரும்.

அழுத்திக் காட்டினான்.
கறுப்பு, காய்ந்த ஓலையைச் சரக்கென்று கிழித்தது.
நுனியில் நீலமாய் ஒரு பல்.
ரோஸ், சோடா மூடி திறந்த மாதிரி
சின்னதாய் ஒரு ச்ஸ்.
“இதுக்கு நாயே கொட்டாவி விடும்” என்றாள் தர்மிலா.

எனக்கு வேண்டியது கணக்கு.
இரவு ஷிப்ற் பத்துக்கு விடும்.
பஸ் சந்தியில் இறக்கப் பத்து இருபத்தைந்து.
பிறகு வாய்க்கால் வீதி, சைக்கிள், இரண்டு கிலோமீற்றர்.
மூன்று லைற் போஸ்ற், எரிவது ஒன்று.
மதகடியில் ஒரு மோட்டார் சைக்கிள்
போன மாதத்திலிருந்து நிற்கிறது,
எஞ்சினை அணைக்காமல்.

தொட வேண்டுமென்றால்
அவன் ஒரு கை தூரத்துக்கு வர வேண்டும்.
கறுப்பு என்றால் ஒன்றரைக் கை.
அந்த அரைக் கைக்கு
நாலாயிரத்து இருநூறு ரூபாய் கூட.

தர்மிலா பொறுக்கவில்லை.
ரோஸைத் தன் தொடையிலேயே வைத்து அழுத்தினாள்.
“ஐயோ” என்றாள், பிறகு சிரித்தாள்.
“யானை வேலியில ஒருக்காத் தொட்டனான்.
அதுக்குத் தம்பி இது.”

பெட்டிக்குள் ஒரு மடித்த தாள்.
சீனம், ஆங்கிலம், மெஷினில் போட்டெடுத்த தமிழ்:
உடலில் உலோகம் உள்ள நபர்கள் மேல் பிரயோகிக்கக் கூடாது.

வாசித்துவிட்டு
மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம்.

எனக்கு இடது தோளில், கடலை அளவில்.
எடுத்தால் கை போகும், கிடக்கட்டும் என்றார் டொக்டர்.
மழைக்கு முதல் நாள் அது எனக்குச் சொல்லும்.
தர்மிலாவுக்கு இடுப்பில்.
தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள்
தேய்ப்பதை நிறுத்தினாள்.
குலவீரன் சேட்டுக்கு மேலால்
முள்ளந்தண்டைத் தொட்டுக் காட்டினான்: இரண்டு.
மதகடியில் நிற்கிறவனுக்கும்
எங்கேயாவது இருக்கும்.
அவனும் இந்த ஊர்தானே.
தாள் எழுதினவனிடம் கேட்க வேண்டும்,
இரும்பில்லாத ஆளை
இங்கே இருட்டில் எப்படித் தெரிவது என்று.

கரண்ட் இல்லாத காலத்தில்
சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்றுவேன்.
டைனமோவில் றேடியோ பேசும்.
என் கை களைத்தால்
செய்தி வாசிக்கிறவரின் வாயில் பாதிச் சொல் நிற்கும்.
பெரியாக்கள் ஏசுவார்கள், சுத்து, சுத்து.
பத்து வயதில் அந்த ஊருக்கே
நான்தான் மின்சாரம்.

இது ஆறு மணித்தியாலம் சார்ஜில் கிடக்க வேண்டும்.
“லைன் வெட்டினா?”
“வெறும் தடிதான்” என்றான் குலவீரன்.
“தடியும் தடிதானே.”

கறுப்பை வாங்கினேன், இரண்டு தவணையில்.

அன்றைக்கு மதகு வர
ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தபடி
மற்றக் கையை உயர்த்தி
வெறும் காற்றில் அழுத்தினேன்.
ஓலை கிழிந்தது.
வாய்க்கால் முழுக்கத் தவளைகள் ஒரேயடியாய் நின்றன.
மோட்டார் சைக்கிள் எஞ்சினும் நின்றது.

ஒரு மாதத்தில் முதல் தடவை.
பயந்தா அணைத்தான், இறங்கவா?
நீலம் கண்ணுக்குள் நின்றதில்
இருட்டு முன்னைவிட இருட்டு.
தோளில் கடலை குளிர்ந்தது.

மிதித்தேன்.